கிராண்ட் கொடுக்கிற வேலை

புது யோசனைக்காரர்களுக்கு அரசாங்கப் பணம் வாங்கித் தருவது கல்யாணத் தரகு மாதிரி. இரண்டு பக்கமும் பிடித்தால் நம்மை மறந்துவிடுவார்கள், பிடிக்காவிட்டால் திட்டு நமக்கு. இந்த மாதிரி மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எந்தக் கிராண்ட்?

கிள்ளானில் ஒரு விளக்கக் கூட்டம். "கிராண்ட் விஷயமா வர்றவங்க ஷா ஆலம் ஆபீசுக்கு வாங்க" என்று மைக்கில் சொல்லிவிட்டேன். நம் ஊரில் அரசாங்க மானியமும் கிராண்ட், வீட்டு உரிமைப் பத்திரமும் கிராண்ட் என்பது அப்போது புத்தியில் உறைக்கவில்லை.

காப்பாரிலிருந்து மல்லிகா அக்கா வந்தார். செம்பனை மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைக் குனியாமல் பொறுக்க ஓர் உருளை வண்டி செய்திருக்கிறார். அதற்காகவே மேருவில் பார்த்த தொழிற்சாலை வேலையை விட்டவர். வந்ததும் பையிலிருந்து வீட்டுக் கிராண்டை எடுத்து என் முன்னால் வைத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா, கிராண்ட் நாங்க குடுக்கிறது, நீங்க குடுக்கிறது இல்ல!" என்றேன். அதைப் பைக்குள் திரும்பத் திணித்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே.

"நல்ல வேளைலா தம்பி, வீட்டுக்காரருக்கு இன்னும் சொல்லல."

டத்தோவின் யோசனை

பெட்ரோலிய எண்ணெயையும் செம்பனையையும் நம்பியே காலம் தள்ளாமல், நாடு இனி மூளையை நம்பிப் பிழைக்க வேண்டும். இதுதான் கொள்கை. நல்ல கொள்கை, நானே தொண்டை வறளப் பேசியிருக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் தேர்வுக்குழு கூடியது. அக்கா வண்டியை உருட்டிக் காட்டினார். சிந்திய பழம் ஒன்றுகூடத் தரையில் மிஞ்சவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தலைவராக இருந்த, டத்தோ பட்டம் வாங்கிய பெரியவர் மட்டும் தாடையைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"ஐடியா பெஸ்ட். ஆனா செம்பனை இல்லாம இதையே செய்ய முடியுமா?"

விலை இறங்கியபோது

மல்லுக்கட்டி ஒருவழியாக டத்தோவைச் சம்மதிக்க வைத்தேன். அதற்குள் செம்பனை எண்ணெய் விலை சரிந்தது. அரசாங்க வருமானம் குறைந்துவிட்டதென்று செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. முதல் வெட்டு எங்கள் மானியத்துக்கு.

போனில் சொல்ல வாய் வரவில்லை; காப்பாருக்கே போனேன். அக்கா வாசலில் வண்டிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். மேரு தொழிற்சாலையில் மறுபடி வேலை கேட்கப் போவதாகச் சொன்னார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்:

"செம்பனைய நம்பாதீங்கனு சொல்ற ஆபீசே செம்பனைய நம்பித்தான் ஓடுதா தம்பி?"

இந்தக் கேள்வியை அப்படியே மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறேன். எண்ணெய் விலை ஏறியதும் பதில் போடுவார்கள்.