கிணற்றுக்குள் இறக்கிய இரண்டு வைன் போத்தல்கள்

நிஸாரும் குகனும் நானும் யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பு. தொண்ணூறாம் ஆண்டு, ஊரிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்று ஆயுத இயக்கம் அறிவித்தபோது எங்களுக்குப் பதினைந்து வயது. நிஸாரின் குடும்பம் புத்தளம் தில்லையடிக்கு வந்து சேர்ந்தது. பிறகு குகன் ரொறன்ரோவுக்கும் நான் கொழும்புக்கும் போய்விட்டோம். வாட்ஸ்அப்பில் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்துச் சொல்வோம். அந்த நாளைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறந்ததில்லை.

2018 ஓகஸ்டில் குகன் லீவில் வந்தான். "நிஸாரோட ஒரு நேரமாவது இருந்து சாப்பிட வேணும்" என்றான். கற்பிட்டியில் குத்தகைக் காணியில் வெங்காயம் செய்யும் நிஸார், தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வீட்டை எங்களுக்கு எடுத்துத் தந்தான். ஓர் இரவுக்கு ஐயாயிரம் ரூபாய். கடற்கரை ஹோட்டல்களில் இதைப்போல மூன்று மடங்கு கேட்பார்கள்.

காலை ஏழு மணிக்கு வெள்ளவத்தையில் வாடகை வானில் ஏறினோம். இரண்டு நாளுக்கு, சாரதியோடு சேர்த்து, பதினெட்டாயிரம். ஒன்பதரைக்குச் சிலாபம். அங்கேதான் வைன் வாங்கினோம். ரொறன்ரோவில் வெள்ளிக்கிழமைதோறும் குகன் அயலவர்களைக் கூப்பிட்டு ஒரு மலிவான சிவப்பு வைன் திறப்பானாம். விலையை வைத்து வைனை மதிக்கக் கூடாது, அந்தப் போத்தல் முடியும்வரை ஆட்கள் எழும்பாமல் இருந்து கதைத்தால் அது நல்ல வைன் என்பது அவன் கட்சி.

நம் நாட்டில் சாராயக் கடைக்குப் பெயர் வைன் ஸ்டோர்ஸ். உள்ளே போய் வைன் கேட்டால்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். கடைக்காரர் மேல் தட்டிலிருந்து தூசி படிந்த ஒன்றை எடுத்தார். "இது நத்தாருக்கு எடுத்தது மாத்தயா. நல்ல சாமான்."

டிசம்பரிலிருந்து எட்டு மாதம் தகரக் கூரைச் சூட்டில் நின்ற போத்தல். வேண்டாம் என்று, கீழ்த் தட்டிலிருந்து சிலி நாட்டு வைன் இரண்டு எடுத்தோம். ஒன்று 2,150 ரூபாய். திருகு மூடி என்பதால் தக்கை திறப்பான் தேடி அலைய வேண்டியதில்லை.

பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பி, கடல்நீரேரியை ஒட்டி நாற்பது கிலோமீற்றர். நுரைச்சோலை தாண்டியதும் காற்றாலைகள் சுற்றுகின்றன. கொழும்பிலிருந்து மொத்தம் 165 கிலோமீற்றர் ஓடி, பன்னிரண்டே முக்காலுக்கு வீட்டு வாசலில் இறங்கினோம். சாரதி அடுத்த நாள் காலை வருவதாகச் சொல்லிப் போனார். போத்தல்கள் பால் தேத்தண்ணி போலச் சூடாகியிருந்தன. அந்த வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை.

"கிணத்துக்க இறக்குவம்" என்றேன் நான். சூடு ஒரு காரணம். மற்றக் காரணம் நிஸார். அவன் ஐந்து நேரமும் தொழுகிறவன். வந்ததும் போத்தலைக் கண்டால் திரும்பிப் போய்விடுவானோ என்று பயந்தேன். வீட்டில் குழாய் இருந்ததால் கிணற்றடிக்கு யாரும் போகமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். இருந்த ஒரே வாளியில் இரண்டையும் வைத்துக் கயிற்றை விட்டேன்.

மூன்றே முக்காலுக்கு நிஸார் மோட்டார் சைக்கிளில் வந்தான். தாடி நரைத்திருந்தது. கட்டிப்பிடித்தோம். அவன் மனைவி கொடுத்துவிட்ட நெய்ச்சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் கருவாட்டுப் பொரியலும் அடுக்குச் சட்டியில் மணந்தன. "அஸர் தொழுதிட்டு வாறன், சாப்பிடுவம்" என்று தொழுகைக்கு முன் கைகால் கழுவும் வுழூவுக்குக் குழாயைத் திறந்தான். கரண்ட் போயிருந்தது. தாங்கியிலும் தண்ணீர் இல்லை. நேராகக் கிணற்றடிக்குப் போய்க் கயிற்றை இழுத்தான்.

குகன் என்னைப் பார்த்தான். நான் நிலத்தைப் பார்த்தேன்.

நிஸார் வாளியை மேலே எடுத்தான். இரண்டு போத்தலையும் கிணற்றுக் கட்டில் நிமிர்த்தி வைத்தான், வாளியைக் கழுவித் தண்ணீர் அள்ளினான், உள்ளே போய்த் தொழுதான். வெளியே வந்தபோது கையில் மோட்டார் சைக்கிள் திறப்பு.

"நீங்க சாப்பிடுங்கோ. நான் போட்டு வாறன்."

"மச்சான், வெயிலுக்குச் சூடாகிட்டுது, அதுதான்..." என்று தொடங்கினான் குகன்.

"பொய் சொல்லாத. எனக்கு ஒளிச்சனீங்கள். கற்பிட்டியில வெள்ளைக்காரர் குடிக்கிறத நான் காணாததா? வந்து ஒரு சொல்லுக் கேட்டா என்ன? அண்டைக்கும் ஒருத்தரும் வந்து ஒரு சொல்லுக் கேக்கேல்ல."

படலைவரை போய்விட்டான்.  இந்தத் தடவை நான் பின்னால் போனேன்.

"நிஸார், அண்டைக்கு நான் வீட்டிலதான் நிண்டனான். உங்கட ஆக்கள் சாமான் மூட்டையோட றோட்டால போகேக்க உன்னைக் கண்டனான். அப்பா கதவைப் பூட்டினவர்தான். ஆனா பின்பக்கத்தால நான் வந்திருக்கலாம். வரேல்ல. பயம். யன்னலால பாத்துக்கொண்டு நிண்டனான்."

வெங்காயத் தாள்களைக் காற்று படுக்க வைத்து எழுப்பிக்கொண்டிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தெரியும்" என்றான். "யன்னல் சீலை ஆடினது."

இருபத்தெட்டு வருடமாக அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகும் எனக்குப் பெருநாள் வாழ்த்து அனுப்பியிருக்கிறான். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. நிஸார் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"பசிக்குது. வா. குடிக்கிற இடத்தில இருந்து நான் சாப்பிட மாட்டன், அது என்ர மார்க்கம். முதல் மூண்டு பேரும் சாப்பிடுவம். மஃரிப் தொழ நான் பள்ளிவாசலுக்குப் போவன், அப்ப நீங்க எடுங்கோ. கேட்டிருந்தா இதைத்தானே சொல்லியிருப்பன்?"

ஒரே பாயில் இருந்து மூவரும் சாப்பிட்டோம். இறைச்சியில் நல்ல பெரிய துண்டுகளை எங்கள் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுவிட்டுத்தான் அவன் தன் கோப்பையைத் தொட்டான். ஆறேகாலுக்கு அவன் பள்ளிவாசலுக்குப் போனதும் குகன் மூடியைத் திருகினான். கிணற்றுத் தண்ணீர் வைனை அளவாகத்தான் குளிர்வித்திருந்தது. முதல் மிடறில் சிறு புளிப்பு, பிறகு மிளகு. மிச்சமிருந்த இறைச்சிக்கு அருமை. கருவாட்டோடு மட்டும் சேர்க்காதீர்கள், வாயில் இரும்பு வாடை வரும். ஒரு போத்தலை இருவருமாக முடித்தோம். மற்றதைத் திறக்கவில்லை. நல்ல வைன்தான், ஆனால் குகனுடைய கட்சிப்படி கதைக்க வேண்டிய ஆள் பள்ளியில் இருந்தான்.

அவன் வருமுன் கிளாஸ்களைக் கழுவி வைத்தோம். வெற்றுப் போத்தலை ஒளிக்கவில்லை. நிஸார் அதில் ஒட்டியிருந்த விலையையும் குகனின் வாயையும் பார்த்துச் சிரித்தான். "நாவற்பழம் திண்டவன் மாதிரி நாக்கு. இதுக்கே ரெண்டாயிரம் குடுத்தனீங்கள்?"

போகிறவர்களுக்கு: மே முதல் செப்ரெம்பர் வரை காற்றுப் பலம், மணல் பறக்கும். பௌர்ணமிப் போயா நாளில் மதுக்கடைகள் பூட்டு. சிலாபம் தாண்டினால் வைன் கிடைப்பது நிச்சயமில்லை, அங்கேயே வாங்கிவிடுங்கள். தங்குமிடம் தருபவரிடம் குடிப்பதைப் பற்றி முதலிலேயே கேட்டுவிடுங்கள். காலையில் திரும்பும்போது வெயில் வானின் இடப்பக்க இருக்கையில் நேரே அடிக்கும், யன்னல் சீலையை இழுத்து மூடிக்கொள்ளலாம். நான் மூடவில்லை. நிஸார் தோட்டத்து ஓரத்தில் கை காட்டிக்கொண்டு நின்றான்.