வான்கோழிக் கறிக்குப் போட்ட முடிச்சு

என் கணவர் பற்றவைக்கும் குழாய்களுக்கெல்லாம் எக்ஸ்ரே எடுப்பார்கள். பற்றவைத்த இடத்தில் உள்ளே சின்ன ஓட்டையோ கீறலோ இருந்தால் படம் காட்டிக் கொடுத்துவிடும். அந்த டிசம்பரில் அவர் வைத்த இரண்டு ஜாயின்ட் அப்படி ஃபெயிலாகி, வெட்டியெறிந்துவிட்டு வேறு ஆளை வைத்துப் பற்றவைத்தார்கள். இத்தனை வருட வெல்டர் வேலையில் அவருக்கு அப்படி நடந்ததே இல்லை. கேட்டதற்கு, கம்பி சரியில்லை என்றார். டீ கிளாஸ் கைநழுவி உடைந்தபோது கிளாஸ் சரியில்லை. சட்டைப் பொத்தான் மாட்ட வராதபோது பொத்தான் சரியில்லை. எங்கள் வீட்டில் அவருடைய இடதுகை ஒன்றுதான் சரியாக இருந்தது.

நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ஒருவர் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்காததை மறைத்துத் திரிந்தால் எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரி என்று வாயெடுத்த அன்றெல்லாம் சண்டை.

"அது கம்பெனி இன்சூரன்ஸாக்கும் பிள்ளே. இன்னைக்கு டாக்டர பாத்தா நாளைக்கு கம்பெனிக்குத் தெரிஞ்சிரும். பொறவு யாரு எங்கிட்ட டார்ச்ச தருவா?"

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. அவர் செய்யும் வெல்டிங்கில் வலதுகை டார்ச்சைப் பிடிக்கும். இடதுகை விரல்கள் மெல்லிய கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த விரல்கள் போனால் வேலை போயிற்று, விசா போயிற்று. என் விசாவில் அவரை வைத்துக்கொள்ளலாம்தான். பொண்டாட்டி விசாவில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுவதைவிட ஊருக்குப் போய்விடுவேன் என்று ஒருமுறை சொன்னார். சொன்னால் செய்கிற ஆள். அப்படிப் போனால் நானும் மகளும் இங்கே, அவர் அங்கே. 

இந்த நேரத்தில்தான் நாங்கள் இருந்த அரபு நாட்டின் ருவைஸ் பக்கம் ஒரு எரிவாயு ஆலையில், ஆலையை நிறுத்திவைத்துப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலை வந்தது. அதற்கு வெல்டர் டெஸ்ட். டெஸ்டுக்கு யார் யார் என்று முடிவு செய்கிறவர் அவருடைய போர்மேன், தூத்துக்குடிக்காரர். கம்பெனி பார்ட்டி ஒன்றில் சுட்ட வான்கோழியைத் தின்றதிலிருந்து அதே புராணம் பாடிக்கொண்டிருந்தவர். என் கணவர் சும்மா இருக்காமல், கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்கண்ணே, நானே சுட்டுத் தருகிறேன் என்று கூப்பிட்டுவிட்டு வந்து நின்றார். அந்த மனிதர் கறி தின்ன மட்டும் வரவில்லை, இவர் கையைப் பார்க்கவும்தான் வருகிறார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். 

என் கணவர் முசஃபாவில் அவர் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் பழைய காரின் வைப்பர் மோட்டாரைக் கழற்றி, ஸ்டீல் கம்பியில் இரண்டு முள் வைத்து, கறியைச் சுற்றிக்கொண்டே சுடுகிற அடுப்பைச் செய்திருந்தார். நாங்கள் இருந்தது நாலு குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்த வில்லா. பின்பக்கம் ஏசி தண்ணீர் சொட்டும் சிமென்ட் தரையில் அடுப்பை வைத்து, கரியை இரண்டு ஓரமாக ஒதுக்கி, நடுவில் நெய் சொட்ட ஒரு தட்டு வைத்தார். பக்கத்து போர்ஷன்காரி முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடியில் கிடந்த துணிகளை அள்ளிப் போனாள்.

வான்கோழியின் நெஞ்சுக்கறி மட்டும் எலும்பில்லாமல் உறைந்த கட்டியாகக் கடையில் கிடைக்கும். இளக வைத்து, உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, வெண்ணெயில் பூண்டும் நல்லமிளகும் கலந்து உருக்கி வடிகட்டி, புது சிரிஞ்சில் எடுத்துப் பல இடத்தில் ஊசி போட்டேன். மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "மம்மி, திஸ் இஸ் சோ கிராஸ்" என்று உள்ளே ஓடிவிட்டாள். இனிமேல் கறியைச் சுருட்டி, நூல்கயிற்றால் இறுக்கிக் கட்டி, கம்பியில் குத்த வேண்டும்.

"நான் கெட்டுதேன், நீ தள்ளு" என்றார்.

கட்டினார். கம்பியில் குத்தி மோட்டாரைப் போட்டதும் தெரிந்துவிட்டது. கயிறு தொளதொளவென்று கிடந்தது. கறி ஒரு பக்கமாகச் சரிந்து, ஒவ்வொரு சுற்றிலும் மேலே போய்த் தொப்பென்று விழுந்தது. மோட்டார் முக்கியது. மயிரிழை பிசகாமல் குழாய்க்குக் குழாய் பொருத்துகிற ஆள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கயிறு சரியில்ல" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கம்பியோடு பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடலாமா என்றிருந்தது. ஆனால் அவர் இடதுகையைப் பேண்ட் பைக்குள் ஒளித்துவைத்திருந்த விதத்தைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. மோட்டாரை நிறுத்தினேன். கறியைக் கழற்றி, கயிற்றையெல்லாம் அறுத்தெறிந்துவிட்டு, நானே கட்டினேன். தியேட்டரில் டாக்டர்கள் போடுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய முடிச்சு. முதல் சுற்றில் இரண்டு முறை நுழைத்தால் நழுவாது. விரல்கடை தூரத்துக்கு ஒரு கட்டு. மறுபடி கம்பியில் ஏற்றியதும் சத்தமில்லாமல் சுற்றியது.  

போர்மேன் அண்ணன் வந்தபோது கறி பொன்னிறமாகி நெய் சொட்டிக்கொண்டிருந்தது. நாற்காலியை அடுப்புக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குனிந்து, கண்ணைச் சுருக்கி, சுற்றுகிற கறியையே பார்த்தார். வெல்டு வைத்த இடத்தை அவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். கரிப்புகையைவிட அந்தப் பார்வைதான் என்னை மூச்சுமுட்ட வைத்தது.

"ஒரே அளவா கெட்டிருக்கியேல" என்றார் கடைசியில். "சைட்ல ஆளாளுக்கு ஒண்ணு சொன்னானுவ. எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு. கை பழைய கைதாம்ல. புதன்கெழம டெஸ்டு, உம்பேரக் குடுத்துருதேன்."

என் நெஞ்சில் இருந்த பாரம் அப்படியே இறங்கியது. மாதாவே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். டெஸ்டை எப்படியாவது ஒப்பேற்றிவிடுவார், அப்புறம் லீவில் ஊருக்குப் போய் ஓசைப்படாமல் கையைக் காட்டிக்கொள்ளலாம் என்று அந்த ஒரு நிமிடத்தில் எல்லாக் கணக்கும் போட்டுவிட்டேன். தட்டு எடுக்க உள்ளே திரும்பினேன்.

"அண்ணே, அது நான் கெட்டினதில்ல" என்று பின்னால் அவர் குரல் கேட்டது. "இவ கெட்டினதாக்கும்."

போர்மேன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் கெஞ்சல்தான் இருந்திருக்கும். என் கணவர் பையிலிருந்து இடதுகையை எடுத்து அடுப்பு வெளிச்சத்தில் நீட்டி, மடக்கிக் காட்டினார். மூன்று விரல் மடங்கியது. இரண்டு நீட்டியபடியே நின்றது.

"எப்பலேர்ந்துல?"

"ஆறேழு மாசமா."

"தங்கச்சி, ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்ண்ணே" என்றேன். வேறென்ன சொல்ல?

போர்மேன் அண்ணன் கரியைக் கிளறினார். பிறகு, "பேர எடுத்துருதேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. கறியை இறக்கி, கத்தரியால் முடிச்சுகளை வெட்டி, துண்டு போட்டு வைத்தேன். உள்ளே ஈரம் குறையாமல் நன்றாக வெந்திருந்தது. மகளுக்கு உள்ளே கொடுத்துவிட்டு மூவரும் தின்றோம். 

போர்மேன் அண்ணனை அனுப்பிவிட்டு வந்ததும் வெடித்துவிட்டேன். "வாய மூடிட்டு இருந்தா உங்களுக்கு என்ன கொறஞ்சி போச்சு? நான் பேசாம நின்னேன்லா? உங்களுக்கு மட்டும் என்ன பெரிய சத்தியவான் வேஷம்?"

அவர் அடுப்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். புகை கிளம்பிக் கண்ணைக் கரித்தது.

"அது கேஸ் லைனாக்கும்" என்றார். "ஒரு சின்ன ஓட்ட போதும். அது பக்கத்துல ஆளுவ நின்னு வேல செய்வாவ. எக்ஸ்ரேயில தப்பிச்சி, பொறவு ஒருநாள் அது விட்டுப்போச்சுண்ணா?"

 பெருமைப்பட வேண்டிய பேச்சுதான். அப்போது எனக்குப் பெருமை வரவில்லை, அழுகைதான் வந்தது. விமான நிலையத்தில் அவரை மட்டும் வழியனுப்புவது கண்முன் வந்து நின்றது.

கழுவிய தட்டை அவர் இடதுகையில் வாங்கப் போனார். நழுவியது. கீழே விழுமுன் நான் பிடித்துக்கொண்டேன். தட்டு சரியில்லை என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

"நாளைக்கு உனக்கு டூட்டி எப்ப?" என்று கேட்டார். "நானும் வாறேன். எனக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துருவோம்."