கடையில் வைத்துச் சொல்லாத மன்னிப்பு

பிள்ளைகளே, வெள்ளவத்தையில் இருந்த எங்கள் துணி வெளுக்கும் லோன்றியைக் கரண்ட் பில் கூடியதால் மூடினேன் என்றுதான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மை. மிச்சத்தை இப்போது எழுதுகிறேன்.

கடையில் துணி அயன் பண்ணிப் பொதி கட்டியவர் ஹெந்தளையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு அக்கா. சனம் அவரை நம்பித்தான் பட்டுச் சேலைகளைத் தந்தது. நானோ முன் மேசையில் இருந்து துணிகளில் பெயர்த் துண்டு குத்திக்கொண்டு, ஆட்களை வைத்து வேலை வாங்கத் தெரிந்தவன் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் ஒரு ரீச்சர் தன் மகளின் கூறைச் சேலையை எடுக்க வந்தார். பொதியைப் பிரித்தால் வேறு யாருடையதோ சேலை. கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள்.

“கண் தெரியாட்டி வீட்டில இருக்கலாம்தானே அக்கா. என்ர கடைப் பேரைக் கெடுக்கவோ வாறியள்?” என்று கத்தினேன்.

பின்னேரம் கூறைச் சேலை கிடைத்தது. துண்டை மாற்றிக் குத்தியவன் நான்தான். அக்காவும் அதைப் பார்த்தார். ஒரு பிளேன்ரீயும் ரோல்ஸும் வாங்கிக் கொடுத்தேன். வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவர் வரவில்லை.

மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் சமைத்துக்கொண்டு நின்றார்.

“பிழை என்ரதுதான் அக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நீங்கள் இல்லாட்டிக் கடை இல்லை.”

“ஏசினது கடையில, மன்னிப்புக் கேக்கிறது என் குசினியிலயா முதலாளி?” சிரித்துக்கொண்டுதான் கேட்டார். “அந்த ரீச்சருக்கு முன்னுக்குச் சொல்லுங்க. நான் வாறேன்.”

“அதுக்கென்ன, சொல்லுறன்.”

நம்பி வந்தார். அந்தக் கிழமையே ரீச்சரும் வந்தார்.

“இப்பவாவது இவ கவனமோ?” என்று என்னைக் கேட்டார்.

அக்கா அயனை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். துண்டை மாற்றியது நான் என்று ஒரு வசனம் சொன்னால் போதும்.

“ஓம் ரீச்சர், இப்ப கவனம்தான்” என்றேன்.

அக்கா கையிலிருந்த சேர்ட்டை அயன் பண்ணி முடித்து, மடித்து வைத்தார். பிளக்கைக் கழற்றினார். “போயிட்டு வாறேன் முதலாளி” என்றார். அதற்குப் பிறகு அவர் வரவேயில்லை. நான் ஹெந்தளைக்குப் போகவும் இல்லை. எந்த முகத்தோடு போவது?

வேறு இரண்டு பேரை வைத்துப் பார்த்தேன், நிலைக்கவில்லை. வாடிக்கைக்காரர் முதலில் “அந்த அக்கா எங்க?” என்று கேட்டார்கள். பிறகு கேட்கவும் வரவில்லை.

நாளைக்கு உங்களுக்குக் கீழே நாலு பேர் வேலை செய்யக்கூடும். அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். போன கிழமையும் காலி வீதியில் அந்த ரீச்சரைக் கண்டேன். நின்று சுகம் விசாரித்தார். அப்போதும் நான் சொல்லவில்லை.