இளைத்துப்போன எடைக்கல்

லேபில் அவளைக் கரப்பானம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். விலங்கியலில் பட்டம் வாங்கியவள். கணவரோடு இந்த வெளிநாட்டு ஊருக்கு வந்து, இரண்டு வருடம் கண்ணாடிக் குடுவை கழுவினாள். கரப்பான்களைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் முன்வராதபோது, "நான் பாத்துக்கிறேன்" என்று வாயை விட்டாள். அதற்குப் பிறகு ஏழு வருடம் ஓடிவிட்டது. அவை ஏறி ஓடாதபடி டப்பாக்களின் உள்விளிம்பில் வாஸ்லின் தடவுவதிலிருந்து, ஐஸில் மயக்கி அறுப்பது வரை எல்லாம் அவள் கைதான். அந்தக் கை சும்மா இருந்தால் மனசு எதையாவது கிளற ஆரம்பித்துவிடும்.

கிளற விஷயமும் இருந்தது. வருடாவருடம் ஒப்பந்தம் புதுப்பித்தால்தான் வேலை. வேலை இருந்தால்தான் இந்த நாட்டில் தங்க அனுமதி. மகளுக்குப் பள்ளியில் கடைசி வருடம். இந்த முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லி மேலிடத்தில் காட்ட, லேபை நடத்தும் பேராசிரியரிடம் இருந்தது ஒரே ஒரு கட்டுரை. விஷத்தீனி தின்று பிழைத்த கரப்பான்களில், விஷத்தை முறிக்கும் மரபணு மூன்று மடங்கு கூடுதலாக வேலை செய்கிறது என்பது அதன் சாரம். அளந்தவள் அவள்.

கட்டுரையை ஆய்விதழுக்காகப் பரிசீலித்த வெளியாள் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: எதை வைத்து அளந்தீர்கள்?

நியாயமான கேள்விதான். ஒரு மரபணு கூடியதா குறைந்ததா என்று தனியாகச் சொல்ல முடியாது. எந்த நிலையிலும் மாறாத இன்னொன்றோடு ஒப்பிட வேண்டும், காய்கறிக்கடை எடைக்கல் மாதிரி. அந்த லேபில் காலங்காலமாக ஆக்டின் என்ற மரபணுதான் கல். அது நிஜமாகவே மாறாததா என்று ஒருவரும் பார்த்ததில்லை.

ஆக்டினோடு இன்னும் ஏழு மரபணுக்களைச் சேர்த்து, அளக்கும் மெஷினில் ஓடவிட்டாள். இரண்டு மணி நேரத்தில் ஆறு தடவை மெஷினை எட்டிப் பார்த்தாள். ரைபோசோம் மரபணுக்கள் இரண்டு அசையாமல் நின்றன. மாறாமல் நின்றவற்றின் வரிசையில் ஆக்டின் கடைசி. விஷத்தீனி தின்ற கூட்டத்தில் அது பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. கல் இளைத்தால் அதே காய் கனமாகத்தானே தெரியும்? அசையாத அந்த இரண்டையும் புதுக் கல்லாக வைத்துக் கணக்குப் போட்டாள். மூன்று மடங்கு ஒன்றேகாலாகச் சுருங்கியது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. விஷத்தீனி வைத்த டப்பாக்களில், தினமும் போடும் பிஸ்கட் அப்படியே கிடந்தது. அவை பட்டினி கிடந்திருக்கின்றன. சுத்தக்காரியான அவள் மிச்சத்தைத் துடைத்துப் போட்டிருந்தாள்; நோட்டில் எழுதவில்லை.

அன்று இரவு, பஸ் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்த கணவர் அவள் முகத்தைப் பார்த்தார். "என்ன, மூஞ்சியே சரியில்ல? ஒண்ணு தப்பிச்சு ஓடிடுச்சா?"

"ஆக்டின் ஆடிடுச்சுங்க."

"அது யாரு புதுசா?"

மகள் சிரித்தாள். அம்மா விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"சொல்லாம விட்டா யாருக்காவது தெரியுமா?" என்றார் கணவர்.

"எனக்குத் தெரியுமே."

"அம்மா, என் பரீட்சை வரைக்கும் இங்க இருப்போமா?"

ஏற்கனவே துடைத்த அடுப்பை அவள் மறுபடி துடைத்தாள்.

மறுநாள் காலையில் பேராசிரியர் பையைக் கூட இறக்கியிருக்கவில்லை.

"சார், மூணு மடங்கு இல்ல. ஒண்ணேகால்தான்."

"ஏம்மா, காலங்காத்தாலயே தலையில கல்லைத் தூக்கிப் போடறீங்க?" தாளை வாங்கிப் பார்த்தார். "ஆக்டினோட இன்னொண்ணச் சேத்துக் காட்டினா கேள்வி கேட்ட அந்தாளு அடங்கிடுவாரு."

"அவரு அடங்குவாரு சார். ஆக்டின் அடங்காது."

"உங்க ஒப்பந்தம் எப்ப முடியுதுன்னு தெரியும்ல?"

"இன்னும் நாப்பத்தோரு நாள். பூச்சிங்க சாப்பிடலன்னு பாத்தும் எழுதாம விட்டது நான்தான் சார். விஷம் இல்லாம வெறும் பட்டினி போட்ட கூட்டம் ஒண்ணு வெச்சுப் பாக்கணும். அப்பதான் எது பசி, எது விஷம்னு பிரியும். மூணு வாரம் குடுங்க."

அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். "கட்டுரைய நிறுத்தறேன். உங்க ஒப்பந்தத்துக்கு மேல கேட்டுப் பாக்கறேன். வாக்கெல்லாம் குடுக்க முடியாதும்மா."

கரப்பான் அறைக்குப் போனாள். ஒரு டப்பாவில் இருபது கரப்பான்களை எண்ணிப் போட்டு, தண்ணீர் மட்டும் வைத்தாள். நோட்டில் மணியைக் குறித்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. மகள்: "என்ன சொன்னாரு?"

'எல்லாம் சரியாயிடும்' என்று அடித்தாள். அழித்தாள். "இன்னும் தெரியலடி. வேலைய ஆரம்பிச்சிட்டேன்" என்று அனுப்பிவிட்டு, அடுத்த இருபதை எண்ண உட்கார்ந்தாள்.