கடைசி ஆளாக நின்ற சுபேதார்

வெள்ளிக்கிழமை காலை, கம்போங் செட்டியைச் சேர்ந்த நடேச செட்டி, பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டு என் வேலியருகே வந்து நின்றார். பல தலைமுறையாக மலாய் பேசும் குடும்பம்; அவருக்குத் தமிழ் அவ்வளவாக வராது. "சுபேதார் சூடா பெர்கி," என்றார் மலாயில். சுபேதார் போய்விட்டார். எங்கும் எல்லோருக்கும் பின்னால் கிளம்புகிறவர் எங்களுக்கு முன்னால் எப்படிப் போகலாம் என்று எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

சுபேதார் வீராசாமி அவர்கள் முதல் உலகப் போருக்கு முன்பே சென்னைப் பட்டாளத்தில் சேர்ந்தவர். ஆறுகளில் படகுப் பாலம் போடும் பிரிவு. சிப்பாயாகச் சேர்ந்து மெசபொட்டேமியாவில் அதிகாரியாக உயர்ந்தார். ஓய்வு பெற்றபின் மலாயாவுக்கு வந்து தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக வேலை பார்த்தார். மனைவி காலமானதும், பிள்ளைகள் இல்லாத அவர் காஜா பெராங்கில் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தார்.

எந்த இடத்திலும் அவர் கடைசி ஆளாகத்தான் வெளியேறுவார். கோயில் நடை சாத்தும்போது உள்ளே பார்த்து, "யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்துவிட்டுக் காத்து நிற்பார். செமாபோக் பஸ் கண்டக்டர், "ஐயா, டிப்போவுக்கே வந்துருவீங்க போல லா!" என்று கேலி செய்வான். அவரும் சிரிப்பார்.

சுடுகாட்டில்தான் சங்கடம். கொள்ளி வைத்தபின் திரும்பிப் பார்க்காமல் வருவது நம் வழக்கம். அவரோ திரும்பி நின்று நெருப்பையே பார்த்துக்கொண்டிருப்பார். பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும்.

மலாயாவின் சுதந்திரத் திருநாளன்று பாடாங் மைதானத்தில் கூட்டம் கலைந்த பிறகும் அவர் அசையவில்லை. போரில் வாங்கிய மெடலைக் குத்திக்கொண்டு வரும்படி எல்லோரும் கேட்டிருந்தோம். வெறும் சட்டையோடு வந்திருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"மெசபொட்டேமியாவுல பாலத்த அறுக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு தம்பி. எதிரி நெருங்கிட்டான். அக்கரையில என் ஆளுங்க நின்னாங்க. 'ஐயா, நாங்க இருக்கோம்'னு கத்துனாங்க. அறுத்துட்டேன். அதுக்குக் குடுத்த மெடல் அது."

"உத்தரவுதானே, ஐயா?"

"உத்தரவு போட்டவருக்கு அந்தக் குரல் கேக்கல. எனக்கு இன்னும் கேக்குது. கதவு சாத்துற எடத்துல எல்லாம் கேக்குது."

அதன்பிறகு கோயிலில் அவர் குரல் கொடுக்கும்போதெல்லாம், பதில் வந்துவிடுமோ என்று உண்மையிலேயே பயந்தேன்.

நேற்று மாலை அவருக்கு நான்தான் கொள்ளி வைத்தேன். "திரும்பாம வாங்க," என்றார்கள். சுடுகாட்டு வாசல்வரை வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் யாரும் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வழக்கமாக அங்கே அவர் இருப்பார். அவரை அக்கரையில் விட்டுவிட்டுப் போகிறோமா என்று தோன்றியது. யார் என்ன சொன்னாலும் சரி என்று திரும்பி நின்றேன். நெருப்பு நன்றாகப் பிடித்திருந்தது.

"இந்தப் பக்கம் யாரும் பாக்கி இல்ல, ஐயா," என்றேன் உரக்க. "அங்க உங்க ஆளுங்க நிக்கிறாங்க. நீங்க போங்க."