புள்ளிக்கு முன்னால் இருந்த பெயர்

மலேசியாவின் குளுவாங் ஊரில் ஒரு சாவிக்கடைக்கு மேலே என் அலுவலகம். அலுவலகம் என்றால் ஒரு அறை, இரண்டு கணினித் திரைகள், மழை பெய்தால் ஒழுகும் ஒரு மூலை. சிங்கப்பூரில் ஒன்பது வருடம் ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்த்தேன். தினமும் எல்லைப் பாலம் கடந்து கடந்து சலித்துப்போய்த் திரும்பி வந்து, சிறு வியாபாரிகளுக்கு இணையதளம் செய்து தரும் தொழிலைத் தனியாகத் தொடங்கினேன்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்வதில்லை. எல்லோருக்கும் சேர்த்து ஒரே மென்பொருள்தான். அதற்குள் முப்பது பேர் குடியிருந்தார்கள். சொந்தமாக டொமேன், அதாவது தனி இணைய முகவரி, வேண்டாம் என்பவர்களுக்கு என் கம்பெனி டொமேனுக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளிக்கு முன்னால் அவர்கள் கடைப் பெயரைப் போட்டுக் கொடுத்துவிடுவேன். அதைத்தான் சப்டொமேன் என்பார்கள். யாராவது அந்த முகவரியைத் தட்டினால், மென்பொருள் அந்தப் பெயரைப் பட்டியலில் தேடி உரிய பக்கத்தைத் திறந்து காட்டும்.

பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் என்ன செய்வது என்பதையும் நான்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ‘அப்படி ஒன்றும் இங்கே இல்லை’ என்று ஒரு வெள்ளைப் பக்கத்தைக் காட்டியிருக்கலாம். எனக்கு அது அழகாகப் படவில்லை. என் வாடிக்கையாளர்களில் திருமண மண்டப அலங்காரம் செய்யும் கடை ஒன்று இருந்தது. நான் செய்ததிலேயே கண்ணுக்கு நிறைவான தளம் அதுதான். மாலை மாற்றும் மணமக்கள், மேலே ‘வருக வருக’ என்று தங்க எழுத்து, திறந்தவுடன் நாதஸ்வரம். அடியில் என் கம்பெனிப் பெயர். வழி தவறி வருகிறவர்கள் அதையே பார்க்கட்டும், எனக்கும் விளம்பரமாகப் போகும் என்று வைத்துவிட்டேன். இதை எழுதும்போது காது சுடுகிறது.

அந்த முப்பது பேரில், பக்கத்து ஊர் சிம்பாங் ரெங்கத்தில் ஈமச்சடங்கு சேவை நடத்தும், நான் அண்ணன் என்று கூப்பிடும் ஒருவரும் இருந்தார். சவப்பெட்டி, வண்டி, பந்தல் எல்லாம் அவரே. இந்து, கிறிஸ்தவர் என்று பார்க்காமல் யார் வீட்டில் இறப்பு என்றாலும் போய் நிற்பார். ஒவ்வொரு இறப்புக்கும் தன் தளத்தில் ஓர் அறிவிப்புப் பக்கம் போடுவார்: படம், நேரம், இடம், போகும் வழி. அந்த முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். போனில் ஸ்கேன் செய்தால் அந்தத் தளம் திறக்கிற மாதிரி கியூஆர் கோடு போட்ட சின்ன கார்டும் அடித்து வைத்திருந்தார். கணினி அவருக்கு அவ்வளவாக வராது. ஆனால் அந்தப் பக்கத்தைப் போடுவதை மட்டும் பொறுமையாக உட்கார்ந்து கற்றுக்கொண்டார்.

அந்தச் சமயத்தில் ஜொகூர் பாருவில் பல கிளைகள் உள்ள ஒரு டியூஷன் நிலையம் என்னைக் கூப்பிட்டிருந்தது. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு சப்டொமேன் வேண்டும் என்றார்கள். அவர்களிடம் காட்டுவதற்கு என் ஏற்பாடு ஒழுங்காக இல்லை. ஒரு முகவரியில் நடுவில் கோடு, இன்னொன்றில் மலாய் எழுத்துக்கூட்டல், வேறொன்று வாடிக்கையாளரின் பையன் பெயரில். வருகிறவர்கள் கேட்ட பெயரை எல்லாம் கொடுத்ததன் பலன். ஆகவே எல்லாவற்றையும் கலைத்து வகைப்படுத்தினேன். கடைகள் ஒரு கிளையில், சேவைகள் ஒரு கிளையில், சங்கங்கள் ஒரு கிளையில். தாளில் வரைந்து பார்த்தபோது ஒரு மரம் மாதிரி அவ்வளவு அழகாக இருந்தது.

பெயரை மாற்றினால், பழைய பெயரில் வருகிறவர்களைப் புதிய பெயருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். இது எனக்குத் தெரியாத சங்கதி அல்ல. பெரிய வாடிக்கையாளர்களுக்கு அன்றைக்கே செய்துவிட்டேன். ஏழு சின்னத் தளங்கள் மிச்சமிருந்தன. வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. யார் இரண்டு நாளில் இதையெல்லாம் பார்க்கப் போகிறார்கள், திங்கட்கிழமை முடித்துக்கொள்ளலாம் என்று கணினியை மூடினேன். அண்ணனின் தளம் அந்த ஏழில் ஒன்று.

சனிக்கிழமை பிற்பகல் அவரிடமிருந்து போன் வந்தது.

“தங்கச்சி, நம்ம கார்ட ஸ்கேன் பண்ணா யாரோ கல்யாணப் பொண்ணு மாப்பிள்ள வருதாம் லா. காஹாங்ல ஒரு அம்மா தவறிட்டாங்க, வேதக்காரங்க. இன்னைக்கி குளுவாங் மாதா கோயில்ல அடக்கப் பூச. ரெண்டு மணின்னு இருந்துச்சு, சாமியாருக்கு வேற வேலைன்னு பதினொண்ணுக்கு மாத்திட்டாங்க. நான் நேத்து சாயந்தரமே வெப்சைட்ல நேரத்த மாத்திட்டேன். நான் பாத்தப்ப சரியாத்தான் இருந்துச்சு. இப்ப சில பேரு பூச முடிஞ்சப்புறம் வந்து நிக்கிறாங்க.”

அவர் உள்ளே நுழைந்து திருத்தும் வாசல் வேறு. அதை நான் மாற்றவில்லை. அதனால் அவருக்கு எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கிறது. வெளியிலிருந்து பழைய முகவரியைத் தட்டியவர்கள்தான் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

“ஒரு நிமிஷம் அண்ணே” என்று சொல்லிவிட்டு என் போனில் அந்த முகவரியைத் திறந்தேன். நாதஸ்வரம் ஒலித்தது. கணினியைத் திறந்து, திருப்பி அனுப்பும் வரியை எழுதிச் சேர்த்தேன். நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது. பிறகு போனில் சொன்னேன்:

“இங்க சரியாத்தான் இருக்கு அண்ணே. கார்டு அடிச்ச கடையில கியூஆர் கோட தப்பா போட்டிருப்பாங்க. சில போன்ல அப்படி வரும்.”

எப்படி அவ்வளவு சரளமாக வந்தது என்று இன்றும் தெரியவில்லை. சாதாரணக் குரலில், கொஞ்சம் அவரைத் தேற்றுகிற மாதிரிகூடச் சொன்னேன்.

“அப்படியா? வாட்ஸ்அப்ல அனுப்புனதும் அப்படித்தான் வந்துச்சுன்னு ஒருத்தர் சொன்னாரே.”

“கார்டுல இருந்து எடுத்து அனுப்பியிருப்பாங்க அண்ணே.”

“இருக்கும் லா. நான்தான் மலிவா இருக்குன்னு அந்தக் கடையில குடுத்தேன்” என்றார். “சரிம்மா, உன்ன வேற சனிக்கிழமையும் அதுவுமா தொந்தரவு பண்ணிட்டேன்.”

அன்று மாலையே ஏழு தளங்களையும் சரி செய்தேன். தெரியாத பெயருக்கு வெள்ளைப் பக்கத்தையே வைத்தேன். டியூஷன் நிலையத்தில் என் மரத்தைக் காட்டியபோது பாராட்டினார்கள், வேலையும் கிடைத்தது. அண்ணன் மிச்சமிருந்த கார்டுகளை எல்லாம் குப்பையில் போட்டுவிட்டு வேறு கடையில் புதிதாக அடித்தார் என்று பின்னால் தெரிந்தது. இறந்தவர் வீட்டுக்குப் போய், தப்பு தன்னுடையது என்று மன்னிப்பும் கேட்டிருக்கிறார். இதையும் அவரே என்னிடம் சொன்னார். நான் “பரவால்ல அண்ணே” என்றேன்.

ஒன்றரை மாதம் கழித்து, புதிய வண்டியைப் படம் எடுத்துத் தளத்தில் போட வேண்டும் என்று அவர் கூப்பிட்டதால் சிம்பாங் ரெங்கத்துக்குப் போயிருந்தேன். கடை வாசலில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒருவர் காரிலிருந்து இறங்கி வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், வேலைக்குப் போகிற சட்டை, கையில் ஒரு தாள். காஹாங்கில் இறந்த அந்த அம்மாவின் உடன்பிறந்த அண்ணன். ஜொகூர் பாரு பக்கம் மாசாயில் குடியிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர். தங்கையின் கல்லறைக்குச் சிலுவை செய்யச் சொல்ல வந்திருந்தார். தாளில் அதில் பொறிக்க வேண்டிய எழுத்து.

கடைக்கார அண்ணன் அவரை உட்கார வைத்தார். “சார், அன்னைக்கி அந்தக் கார்டு விஷயம். இன்னும் எனக்கு மனசு ஆறல. நான் பாத்து அடிச்சிருக்கணும்.” என்னைக் காட்டி, “இவங்கதான் நம்ம வெப்சைட் பாக்குறவங்க. இவங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு” என்றார்.

வந்தவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு, யாரிடமும் சொல்லாததை அன்னியரிடம் சொல்லிவிடுவது எளிது என்பதாலோ என்னவோ, மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்.

தங்கை காதலித்துக் கல்யாணம் செய்தவர். இவருக்கு அது பிடிக்கவில்லை. கல்யாணத்துக்குப் போகவில்லை, அழைக்க வந்தவர்களையும் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். அதன் பிறகு இருபத்தைந்து வருடம் பேச்சில்லை. தங்கை இறந்த செய்தியைப் ரப்பர் தோட்டத்துப் பழைய கூட்டாளி ஒருவர் சொல்லி, இந்த முகவரியை அனுப்பியிருக்கிறார். இரண்டு மணிக்கு என்று காதில் விழுந்ததால், நேரத்தோடு போய் வெளியே நிற்கலாம் என்று காலையிலேயே புறப்பட்டுவிட்டார்.

“சிம்பாங் ரெங்கம் தாண்டி ஹைவே ரெஸ்ட் ஏரியாவுல நிறுத்தி, கோயில் எங்க இருக்குன்னு பாக்க அதத் தொறந்தேன். மணி பத்துகூட ஆகல. கல்யாணப் படம் வருது. வருக வருகன்னு போட்டிருக்கு. மேளம் வேற. தங்கச்சி வீட்டு ஆளுங்க எனக்குன்னே அனுப்பிருக்காங்கன்னு நெனச்சேன். அன்னைக்கி கல்யாணத்துக்கு வரல, இன்னைக்கி மட்டும் என்னத்துக்கு வர்றன்னு கேக்குற மாதிரி இருந்துச்சு.”

கையிலிருந்த தாளை மடித்தார். “திரும்பிப் போயிரலாம்னு வண்டியிலயே உக்காந்திருந்தேன். அப்புறம் மனசு கேக்கல. ரெண்டு மணிக்குப் போனேன். கோயில்ல நாற்காலிய அடுக்கிக்கிட்டு இருந்தாங்க. பதினொண்ணுன்னு தெரிஞ்சிருந்தா முகத்தப் பாத்திருப்பேன்.”

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். “என் தப்பு சார்” என்று மறுபடியும் சொன்னார். நான் அங்கேதான் நின்றேன், கையில் கேமராவோடு, இரண்டு அடி தூரத்தில். வாயைத் திறக்கவில்லை. அந்த மனிதர் அளவைச் சொல்லி, எழுத்தைச் சரிபார்த்து, விடைபெற்றுப் போகும் வரைக்கும் திறக்கவில்லை. பொய் சொன்னதைவிட அந்த மௌனம்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. பொய் பயத்தில் வாயிலிருந்து தெறித்துவிட்டது. இங்கே எனக்கு முழுசாக அரை மணி நேரம் இருந்தது.

கார் போன பிறகு அண்ணனிடம் சொன்னேன். பெயரை மாற்றியது, திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போட்டது, கல்யாணப் பக்கத்தை நானே அங்கே வைத்தது, போனில் சொன்ன பொய், எல்லாம். கார்டில் ஒரு தப்பும் இல்லை என்றேன்.

அவர் பந்தல் கயிறு ஒன்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

“அந்த வீட்டு வாசல்ல நான் போய் நின்னேன்மா. அந்தப் பொண்ணு, செத்தவங்க மக, என்னைப் பாத்து அழுதுச்சு. மாமா வேணும்னுதான் வரல, கடைசிவரைக்கும் வைராக்கியம்னு சொல்லிச்சு. எனக்கு உண்மை தெரிஞ்சிருந்தா அன்னைக்கே வேற மாதிரி பேசியிருப்பேன் லா.”

“மன்னிச்சிருங்க அண்ணே.”

“என்கிட்ட எதுக்கு? அவரப் போய்ப் பாரு.” நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதி என் கையில் வைத்தார். உடனே உள்ளே போய்விட்டார். தேநீர் குடிக்காமல் என்னை அனுப்பியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாசாய்க்குப் போனேன். அவர் வீட்டுக்குக் கீழே ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். டொமேன், சப்டொமேன் என்று எதையும் சொல்லாமல், உங்கள் தங்கையின் பக்கத்துக்குப் போகிற வழியை நான் மாற்றினேன், பழைய வழியில் வருகிறவர்களுக்குச் சொல்லாமல் விட்டேன், அவர்கள் வேறொரு கடைக்குப் போய்விட்டார்கள் என்றேன். அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று வழி முழுக்க என்னைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன்.

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அப்ப, வேணும்னு யாரும் அனுப்பல?”

“இல்ல சார். அவங்களுக்கு அப்படி ஒண்ணு வந்ததே தெரியாது.”

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, “இத எழுதிக் குடும்மா” என்றார். “தங்கச்சி மகளுக்கு. நான் சொன்னா நம்பாது. இப்ப வந்து கத சொல்றான்னு நெனைக்கும்.”

கடைக்காரரிடம் தாள் வாங்கி அங்கேயே எழுதினேன். தினமும் பத்துப் பேருக்கு வேலை சம்பந்தமாக எழுதுகிறவள் நான். அந்த ஒரு பக்கத்துக்கு மூன்று தாள் கிழிந்தது. முதல் தாளில் ‘தொழில்நுட்பக் கோளாறு காரணமாக’ என்று தொடங்கியிருந்தேன். அதைப் படித்துப் பார்த்துவிட்டு நானே கசக்கினேன். கடைசியில், ‘உங்கள் அம்மாவின் அறிவிப்பைத் திறந்தவர்களுக்கு ஒரு கல்யாணக் கடையின் பக்கம் திறந்தது. அப்படி நடந்தது என் அலட்சியத்தால். கேட்டபோது பொய் சொல்லி, பழியை வேறொருவர் சுமக்க விட்டேன். உங்கள் மாமா நேரத்தோடு வந்து சேராததற்கு நானும் காரணம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அண்ணன் அதன் பிறகு சொந்தப் பெயரில் ஒரு டொமேன் வாங்கித் தரச் சொன்னார். வாங்கி அவர் பெயரிலேயே பதிந்து, சாவி மாதிரி அதன் கடவுச்சொல்லையும் அவர் கையிலேயே கொடுத்தேன். வேலையை என்னிடமிருந்து எடுக்கவில்லை. ஆனால் இப்போது ஒவ்வொரு அறிவிப்பையும் போட்ட பிறகு, மனைவியின் போனிலும் திறந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார். நான் சரி என்று சொன்னாலும் பார்க்கிறார்.

இரண்டு மாதம் கழித்து மாசாய்க்காரர் போன் செய்தார். தங்கை மகள் கடிதத்தைப் படித்தாளாம். போன வாரம் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு காஹாங்குக்குச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறாளாம். போய்விட்டு வந்தாராம். ரசம் தங்கை வைக்கிற மாதிரியே இருந்ததாம்.

“ரொம்ப தேங்க்ஸ்மா. நீ வந்து சொல்லலைன்னா இது நடந்திருக்காது” என்றார்.

அன்றைக்குச் சிலுவைக்காக அவர் அந்தக் கடைக்கு வராமல் இருந்திருந்தால், நான் யாரிடமும் எதையும் சொல்லியிருக்க மாட்டேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். அவரிடம் அதைச் சொல்ல நினைத்தேன்.

“சரிங்க சார்” என்று மட்டும் சொல்லி போனை வைத்தேன்.