வேலிக்கு உள்ளே டீச்சர்

என் அம்மாவை நான் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டேன். இதைச் சொன்னால், இப்போது நான் குடியிருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்து நண்பர்கள், நான் வழக்கம்போல் கதை விடுவதாக நினைக்கிறார்கள். நான் கதை விடுகிற ஆள்தான். கார் இன்சூரன்ஸ் விற்கிறேன், கதை விடாமல் முடியாது. ஆனால் இது கதையில்லை.

செமினிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அதில் ஒரு தமிழ்ப்பள்ளி. பலகைச் சுவர், தகரக் கூரை, இரண்டே ஆசிரியர்கள். ஒருவர் தலைமையாசிரியர், மற்றவர் என் அம்மா. நாங்கள் குடியிருந்த வீடு பள்ளியோடு ஒட்டியிருந்தது. எங்கள் அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு. இரண்டையும் சுற்றி ஒரே கம்பி வேலி, ஒரே கேட்டு. அப்பா கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டினார். அங்கேயே பக்கத்தில் பண்டமாரானில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர் சனிக்கிழமைதான் வருவார்.

நான் முதல் வகுப்பில் சேர்ந்த வாரம், தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் மனைவி கடைவாசலில் நாலு பேர் காதுபடச் சொன்னாராம்: “டீச்சர் மவனுக்கு என்னா கவல, வீட்டுலயே மார்க்கு போட்டுக்கலாம்.”

அன்று மாலையே அம்மா சட்டம் போட்டார்.

“வேலிக்கு உள்ள நான் உனக்கு டீச்சர். வெளிய போனா அம்மா. ஞாபகம் வச்சுக்க.”

“அப்ப சோறு போடறது யாரு?”

“டீச்சர்,” என்றார் அம்மா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

வீடு வேலிக்குள் இருந்தது. ஆக, எனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்த்தது டீச்சர். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியது டீச்சர். இருட்டில் பயந்து எழுந்தாலும் “டீச்சர்” என்றுதான் அழுவேன். வாரக் கடைசியில் வரும் அப்பா இதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து இருமுவார்.

அம்மா கிடைப்பது வெளியூர் போகும்போதுதான். தீபாவளிக்கு முன்னால் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குத் துணி வாங்கப் போவோம். கேட்டைத் தாண்டி ரெண்டு அடி வைத்ததும் அம்மா குனிந்து, “இப்பச் சொல்லு,” என்பார். அவ்வளவுதான், பஸ்ஸில் அவரைப் பிய்த்து எடுத்துவிடுவேன். அம்மா, மாடு. அம்மா, பாலம். அம்மா, அந்த ஆளுக்கு மொட்டத்தல. என்னடா? ஒண்ணுமில்லம்மா. திரும்பி வரும்போது எங்கள் கேட்டு கண்ணில் பட்டதும் வாயை மூடிக்கொள்வேன். பலகாரம் தீர்ந்த தட்டு மாதிரி இருக்கும்.

அம்மாவுக்குப் பள்ளியில் ஒரு பழக்கம். தப்பு செய்த பிள்ளையை அடிப்பதைவிட, “நாளைக்கு உங்க அம்மாவக் கூட்டிட்டு வா” என்பதுதான் அதிகம். ரப்பர் மரத்தில் பால் வெட்டி, அதை நிறுத்துக் கொடுத்துவிட்டு, ஒட்டுப்பால் வாசனையோடு அந்த அம்மாக்கள் மத்தியானம் வருவார்கள். வாசலிலேயே நிற்பார்கள். அம்மா அவர்களை உள்ளே கூப்பிட்டுத் தன் நாற்காலியில் உட்கார வைப்பார். தான் நின்றுகொண்டு பேசுவார். ஆபீசில் தரையைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள், அந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து நெளிவார்கள். போகும்போது நிமிர்ந்து போவார்கள். தண்டனையா விருந்தா என்று பிள்ளைகளுக்குப் புரியாது.

மூன்றாம் வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதும் சாக்குக்கட்டிப் பெட்டிக்குள் ஒரு தேரையைப் போட்டு மூடி வைத்தேன். திறந்தவர் தலைமையாசிரியர். தேரைக்கும் அவருக்கும் சேதமில்லை, ஆனால் இரண்டும் ஒரே உயரத்துக்குக் குதித்தன. அம்மா என்னை எழுப்பி நிறுத்தினார். எல்லாருக்கும் சொல்வதைத்தான் எனக்கும் சொன்னார்.

“நாளைக்கு உங்க அம்மாவக் கூட்டிட்டு வா.”

வகுப்பு மொத்தமும் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது. அன்று ராத்திரி சோறு போட்டவரிடம் அதைப் பற்றி நான் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை. மறுநாள் நான் தனியாக எழுந்து நின்றேன்.

“வரலியா?”

“எங்கம்மாவுக்கு வேல இருக்காம் டீச்சர்.”

வகுப்பு வெடித்துச் சிரித்தது. அம்மா கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். என் வாழ்க்கையின் முதல் ஜோக் அது. பிடித்துப்போய்விட்டது. அதற்குப் பிறகு எந்தக் கேள்விக்கும் நான் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. என் மனைவியைக் கேட்டால் விவரமாகச் சொல்வாள்.

தோட்டம் விற்றுப்போனது. பள்ளியை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அம்மா ஓய்வு பெற்றார், அப்பா போய்ச் சேர்ந்தார். அம்மா எங்களோடு பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு வந்தார். வேலியே இல்லாத அடுக்குமாடி. இனி அம்மா என்று கூப்பிடலாம். ஆனால் நாக்கு திரும்பவில்லை. நாற்பது வயதுக்கு மேல் திடீரென்று அம்மா என்றால் பணம் கேட்கப் போகிறேன் என்று நினைத்துக்கொள்வாரோ என்று கூச்சம். அவரும் ஒரு நாளும் “இப்பச் சொல்லு” என்று கேட்கவில்லை.

பிறகு அவருக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பை மறந்தார், அப்புறம் அப்பா இறந்ததை, அப்புறம் என்னை. ஆனால் வகுப்பை மறக்கவில்லை. காலை ஏழரை மணிக்கு ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடப்பார். நான் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருப்பேன். சட்டக், சட்டக் என்று வந்து என் முதுகுக்குப் பின்னால் நிற்பார். என் எழுத்து சரியா என்று பார்க்கிறார். ஐம்பது வயதில் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

ஒரு நாள் காலை அப்படி நின்றவர் சொன்னார்: “நாளைக்கு உங்க அம்மாவக் கூட்டிட்டு வா.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தப் பழைய ஜோக்குக்கு இத்தனை வருடம் கழித்து இன்னொரு வாய்ப்பு.

“எங்கம்மாவுக்கு வேல இருக்காம் டீச்சர்.”

அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார்.

“எல்லாரு அம்மாவும் வராங்க. உங்க அம்மா மட்டும் ஏன் வரதே இல்ல?” என்றார். “பாவம், உன்ன யாரு பாத்துக்கறா?”

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் ஸ்க்ரீனைப் பார்த்தபடி, “சரி டீச்சர், கூட்டிட்டு வரேன்,” என்றேன். அதே வாரம் அம்மா மருத்துவமனையில் தூக்கத்திலேயே போய்விட்டார். நான் கொள்ளி வைத்ததும் எல்லாரும் “அம்மான்னு கூப்புடுப்பா” என்றார்கள். என் வாயில் டீச்சர் என்றுதான் வந்தது. சொந்தக்காரர் ஒருவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார், வெயிலில் தலை சுற்றுகிறது என்று நினைத்து.

காரியம் முடிந்த மறுநாள் காலை ஏழரைக்கு அந்தச் செருப்புச் சத்தம் கேட்டது. சட்டக், சட்டக். என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

மனைவியிடம் சொன்னேன்.

“மேல் வீட்டுல நடக்கிறாங்க லா,” என்றாள்.

“நம்மளுதுதான கடைசி மாடி?”

அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். “வாக்குக் குடுத்தீங்கள்ல. உங்க அம்மாவ ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா பள்ளிக்குத் தூக்கிப்போன பழைய துணிப்பையை எடுத்தேன். உள்ளே சிவப்புப் பேனாக்கள், மூக்குக்கண்ணாடி, யார் யாரோ எழுதிய பழைய நோட்டுப் புத்தகங்கள். நல்ல கனம். காரில் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். கீங், கீங் என்று கார் கத்த ஆரம்பித்தது. சீட்டில் ஆள் இருக்கிறார், பெல்ட் போடவில்லை என்கிறது. காருக்கே தெரிந்திருக்கிறது. காஜாங் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். அப்புறம் ஓரமாக நிறுத்தி, பெல்ட்டை இழுத்துப் பையின் மேல் மாட்டினேன்.

“போட்டுக்கம்மா,” என்றேன்.

வேலிக்கு வெளியேதானே இருந்தோம். வந்துவிட்டது. அதன் பிறகு வாய் ஓயவில்லை. அம்மா, இங்க புதுப் பாலம் கட்டிட்டாங்க. அம்மா, மாடெல்லாம் இல்ல இப்ப. அம்மா. ஒண்ணுமில்லம்மா. பக்கத்து வண்டிக்காரர் என்னைப் பார்த்துவிட்டு லேன் மாறினார்.

தோட்டம் இருந்த இடத்தில் மாடி வீடுகள். சுற்றி மதில், வாசலில் தடுப்புக் கம்பி, காவலாளிக் கூண்டு. காவலாளி தமிழர்தான்.

“பாஸ், எந்த வீட்டுக்கு?”

“வீட்டுக்கு இல்ல அண்ணே. ஸ்கூலுக்கு.”

“இங்க ஸ்கூல் இல்லியே பாஸ்.”

“முன்ன இருந்துச்சு. அஞ்சு நிமிசம், பாத்துட்டுப் போயிடறேன்.”

என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு ஒரு நோட்டை நீட்டினார். பெயர், கார் நம்பர், எத்தனை பேர். ‘இரண்டு’ என்று எழுதினேன். அவர் குனிந்து காருக்குள் பார்த்தார். பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த பையைப் பார்த்தார். கம்பியைத் தூக்கினார்.

பள்ளி இருந்த இடத்தில் ஊஞ்சலும் சறுக்குமரமும் இருந்தன. ஒரு சிமெண்டு பெஞ்சு. பையைத் தூக்கிப் போய் அதில் வைத்தேன்; நுனியில் இல்லை, நடுவில் நன்றாகச் சாய்த்து. நான் நின்றுகொண்டேன். இங்கே அம்மா என்று சொல்லக்கூடாது என்பது ஞாபகம் வந்தது.

“டீச்சர்,” என்றேன். “எங்கம்மா வந்திருக்காங்க.”

ஒரு ஜோக்கும் வரவில்லை. ஊஞ்சல் மட்டும் லேசாக ஆடியது. காற்று அடித்ததா என்று நான் சரிபார்க்கவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்குச் செருப்புச் சத்தம் வந்தது. என் முதுகுக்குப் பின்னால் நின்றது.

“இன்னிக்குமா?” என்று கேட்டாள் மனைவி, என் முகத்தைப் பார்த்து.

“ம்.”

“யாரு, டீச்சரா, அம்மாவா?”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. “தெரியல,” என்றேன். ஆனால் நிமிர்ந்து உட்காராமல், இருந்தபடியே இருந்தேன்.